இவ்வருடம் தெரிவு செய்யப்பட்டோர்

எந்த நாவலையும் அவர் கடைசி அத்தியாயத்தில் இருந்துதான் தொடங்குவார். அதற்காகக் கதிரையில் உட்காரவும் மாட்டார். வாசிகசாலை மேசையோரம் நின்றபடியே, கைப்பை தோளில் தொங்க, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டுக் கடைசிப் பத்துப் பக்கங்களைப் புரட்டுவார். கதையில் அறுபது தாண்டிய ஆள் யாராவது இருக்கிறாரா, இருந்தால் முடிவில் உயிரோடு இருக்கிறாரா என்பது மட்டும்தான் அவருக்குத் தெரியவேண்டியது. காதலர்கள் சேர்ந்தார்களா, காணி வழக்கு யார் பக்கம் தீர்ந்தது என்பதெல்லாம் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை.

"கொண்டு போட்டான்," என்பார். எழுத்தாளர் ஆளைக் கொன்றுவிட்டார் என்று அர்த்தம். அவர் புத்தகத்தை மூடுகிற சத்தம், உள்ளறையில் பேப்பர் பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கும் கேட்கும்.

ஓர் அரசாங்கக் கந்தோரில் முப்பத்திரண்டு வருடம் தமிழ்த் தட்டெழுத்து வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். லிங்கநகரில் தனியாக இருந்தார். ஊரில் சின்னவர் பெரியவர் எல்லாருக்கும் அவர் ரைப்பிஸ்ட் அன்ரி. பெயர் எனக்குத் தெரியும். ஆனால் அலுவலகக் கடிதம் தவிர வேறெதிலும் தன் பெயர் வருவது அவருக்குப் பிடிக்காது, ஆகவே விடுகிறேன்.

நான் அந்த நாளில் திருகோணமலைத் துறைமுகப் பக்கத்து வாசிகசாலை ஒன்றுக்குச் செயலாளர். பெரிய பதவி என்று நினைக்க வேண்டாம். கதவுத் திறப்பு என்னிடம் இருந்தது, அவ்வளவுதான். பகலில் கூட்டுறவுக் கடையில் லிகிதர், பின்னேரத்தில் இலக்கிய விமர்சகர். இரண்டாவது வேலைக்கு என்னை யாரும் நியமிக்கவில்லை.

யுத்த காலம். இளம் ஆட்களில் பாதிப்பேர் கனடாவுக்கும் சுவிசுக்கும், மீதிப்பேர் காட்டுக்கும் போய்விட்டார்கள். வாசிகசாலையில் மிஞ்சியது அறுபது தாண்டியோர்தான். பாதை திறந்தால் கொழும்பு பஸ் வரும். பஸ்ஸில் தெரிந்தவர் யாராவது வந்தால் புத்தகம் வரும். வருடத்தில் ஏழு புது நாவல் வந்து சேர்ந்தால் அமோக விளைச்சல் என்போம். அதில் இரண்டு பத்து வருடப் பழையதாக இருக்கும். எங்களிடம் வந்து சேரும் நாள்தான் எங்களுக்குப் பிரசுர நாள். அந்த ஏழில் இருந்து மார்கழி மாதம் வருடத்தின் சிறந்த ஏழு நாவல்களைத் தெரிவு செய்வது என்று நான் ஒரு திட்டம் கொண்டுவந்தேன். அன்ரியைத் தெரிவுக் குழுத் தலைவராகப் போட்டேன். அது என் வாழ்க்கையில் நான் செய்த பெரிய பிழை என்று கொஞ்சக் காலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

முதல் வருடம் அறிவித்தல் பலகையில் அவர் ஒட்டிய தாளில் ஒரே ஒரு வரி: "இவ்வருடம் எவரும் தெரிவு செய்யப்படவில்லை."

"ஏழு புத்தகத்திலயும் ஒண்டு கூடவா நல்லதில்லை அன்ரி?" என்று கேட்டேன்.

"ஏழிலயும் வயசான ஆக்கள் இருக்கினம் தம்பி. ஏழு பேரையும் முடிச்சிட்டாங்கள். நாவலில கிழவனுக்கு என்ன வேலை சொல்லுங்கோ பாப்பம்? இருமிறது, பேரப்பிள்ளையின்ர தலையைத் தடவுறது, சாகிறது. முதலாம் அத்தியாயத்தில இருமினா நான் பென்சிலால ஒரு கோடு போடுவன். மூண்டு கோடு விழுந்தா ஆள் முடிஞ்சார்."

உண்மைதான். எங்கள் வாசிகசாலைப் புத்தகங்களின் ஓரங்களில் இன்றைக்கும் அந்தப் பென்சில் கோடுகள் இருக்கும். சில நாவல்களில் இருமல் அப்படிக் கடுமை, ஆசிரியருக்கே மருந்து கொடுத்திருக்கலாம்.

எங்கள் வாசகர்கள் புத்தகம் எடுக்க வந்தால் யார் எழுதியது, எவ்வளவு பக்கம் என்று கேட்பதில்லை. நேரே அன்ரியிடம் போய், "ஆள் தப்புமோ?" என்றுதான் கேட்பார்கள். தப்பாது என்றால் புத்தகத்தைக் கையால் தொடமாட்டார்கள். வீதியில் ஆமியின் சோதனைச் சென்றி, வீட்டில் காணாமல் போன பிள்ளையின் படம், இதற்கு நடுவில் பொழுதுபோக்கவும் ஒரு மரணம் வேண்டுமா என்பது அவர்கள் நியாயம். ஆகவே ஏழு நாவலும் தூசி பிடித்துக் கிடந்தன.

அடுத்த வருடம் வந்த முதல் நாவலைச் சுக்கானியார் மட்டும் அன்ரியைக் கேட்காமல் எடுத்துப் போய்விட்டார். துறைமுகத்து இழுவைப் படகில் முப்பது வருடம் சுக்கான் பிடித்தவர், வயது எழுபத்திரண்டு. மனைவி இல்லை. ஒரே மகன் டென்மார்க்கில். நாவலில் வரும் போஸ்ற் மாஸ்ரரும் அதே வயது, அதே மாதிரித் தனி ஆள். கடைசிப் பக்கத்தில் ஆஸ்பத்திரி விறாந்தையில் கேட்பாரில்லாமல் செத்துப்போகிறார். அதற்குப் பிறகு பத்து நாள் சுக்கானியார் வாசிகசாலைப் பக்கமே வரவில்லை. நானும் அன்ரியும் வீட்டுக்குப் போய்ப் பார்த்தோம். மனிதர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.

"என்ன அண்ணை, காய்ச்சலோ?" என்றார் அன்ரி.

"ஒண்டுமில்லைத் தங்கச்சி. எங்களுக்கும் இது கடைசி அத்தியாயம்தானே. படுத்துக் கிடப்பம்."

அன்ரி தலைமாட்டில் கிடந்த புத்தகத்தை எடுத்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு வெளிக்கிட்டார். அடுத்த கிழமை அதே புத்தகத்தோடு சுக்கானியார் வீட்டுக்குத் திரும்பப் போனார். "அண்ணை, இது பிழையான பதிப்பாம். எழுதினவர் திருத்தின பதிப்பில வேற முடிவு இருக்காம். கொழும்பில ஒரு பிரதி கிடைச்சு, பாத்து ரைப் அடிச்சு ஒட்டியிருக்கிறன், வாசிச்சுப் பாருங்கோ," என்றார். நானும் நம்பினேன். திருத்திய பதிப்பில் போஸ்ற் மாஸ்ரர் ஆஸ்பத்திரிக்கே போகவில்லை. எழுபத்திரண்டு வயதில் நீச்சல் பழகி, பென்ஷன் எடுக்கும் நாளில் மட்டும் கரைக்கு வருகிறார்.

மூன்றாம் நாள் சுக்கானியார் சவரம் செய்துகொண்டு வாசிகசாலைக்கு வந்தார். "பாத்தியளோ, தப்பிட்டார்!" என்று வாசலிலேயே சத்தம் போட்டார்.

அந்த வருடத்தில் இருந்து தமிழ் நாவலுக்கு நல்ல காலம் பிறந்தது. வந்த புத்தகம் எல்லாவற்றிலும் கடைசி இரண்டு தாள் வழியில் ஈரம் பட்டோ, சென்றியில் கிழிந்தோ, அச்சுப் பிழையாகவோ இருக்கும். அன்ரி நல்ல பிரதி தேடிப் பிடித்து ரைப் அடித்து அதன் மேலேயே ஒட்டுவார். இருமிய கிழவர்கள் எழும்பி நடந்தார்கள். அறுபத்தெட்டு வயது விதவை ஒருத்தி சைக்கிள் வாங்கினாள். மழையே பெய்யாத ஏதோ ஓர் உள்நாட்டுக் கிராமத்துக் கதையில், தாத்தா காலையில் வீட்டை விட்டு இறங்கி, ஒரு மணித்தியாலம் நடந்து போய்க் கடலில் குளித்தார்.

அங்கே எங்கே கடல் என்று ஒருவர் கூட்டத்தில் கேட்டார். கடல் இங்கே ஒரு குறியீடு என்று நான் இருபது நிமிடம் விளக்கம் சொன்னேன். அன்ரி முன் வரிசையில் இருந்து மிகக் கவனமாகக் கேட்டார்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அந்த நாவலுக்கு ஒரு பத்திரிகையில் விமர்சனமும் எழுதினேன். "கடைசி இரண்டு பக்கங்களில் ஆசிரியரின் நடை இதுவரை தொடாத உயரத்தைத் தொடுகிறது," என்று முடித்தேன். இரண்டு மாதம் கழித்து ஆசிரியரிடம் இருந்து கடிதம் வந்தது. "தாங்கள் பாராட்டிய அந்த இரண்டு பக்கங்களையும் நானும் வாசிக்க விரும்புகிறேன். அனுப்பி வைக்க முடியுமா? என்னுடைய நாவலில் தாத்தா அந்தப் பக்கங்களில்தான் காலமாகிறார்."

கடிதத்தை எடுத்துக்கொண்டு லிங்கநகருக்கு ஓடினேன். அன்ரி ரைப்ரைட்டருக்கு முன்னால் இருந்தார். கடிதத்தை வாசித்துவிட்டு, "எழுத்து நல்லாயிருக்கு, பிழையில்லாமல் எழுதியிருக்கிறார்," என்றார்.

"இது மோசடி இல்லையோ அன்ரி?"

"முப்பத்திரண்டு வருசம் பெரிய துரைமார் பிழையாச் சொன்னதையெல்லாம் நான் திருத்தித்தான் அடிச்சனான். ஒருத்தரும் மோசடி எண்டு சொல்லேல்லை. கையெழுத்துப் போட்டு அனுப்பினவை."

"திருத்தின பதிப்பு எண்டதும் பொய்யோ?"

"திருத்தினது உண்மை. ஆர் திருத்தினது எண்டு நான் சொல்லேல்லைத்தானே." பிறகு குரலைத் தாழ்த்தினார். "சுக்கானி அண்ணைக்கு மட்டும் தெரியக் கூடாது தம்பி. தெரிஞ்சா அந்த மனிசன் திரும்பச் சுவர்ப் பக்கம் திரும்பிடும். பிறகு என்னால எழுப்ப ஏலாது."

நான் வாயை மூடிக்கொண்டேன். சுக்கானியாருக்காக என்று சொன்னால் நல்லாயிருக்கும். என் விமர்சனத்துக்காகத்தான்.

வருடாந்தப் பட்டியலையும் அவர் கந்தோர்ப் பழக்கப்படிதான் தயாரிப்பார். தொடர் இலக்கம், பால், வயது, இறுதி நிலை என்று நிரல்கள். நாவலின் பெயரோ ஆசிரியரின் பெயரோ இருக்காது. "அது ஆருக்குத் தேவை? ஆள் எப்பிடி எண்டுதானே எல்லாரும் கேக்கினம்," என்பார். கார்பன் வைத்து ஐந்து பிரதி அடிப்பார். இரண்டாம் வருடத்துப் பட்டியலில் ஒரு பிரதியைச் சுக்கானியார் மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, கிளிவெட்டியில் இருந்த தன் தமக்கைக்குக் கொடுக்கவென்று மூதூருக்குப் போகும் லோஞ்ச் படகில் ஏறப் போனார். இறங்குதுறையில் ஆமிக்காரர் ஆட்களைச் சோதித்தார்கள். தாள் அகப்பட்டது.

தாளை நினைவில் இருந்து எழுதுகிறேன். தலைப்பு: இவ்வருடம் தெரிவு செய்யப்பட்டோர்.

ஒன்று. ஆண், 72. கடல் வழியாகப் போனார். நலம்.

இரண்டு. பெண், 68. ஒருவருக்கும் சொல்லாமல் வீட்டை விட்டு வெளியேறினார். இருக்குமிடம் மகனுக்குத் தெரியாது. நலம்.

மூன்று. ஆண், 74. தேடி வந்தவர்கள் வெறுங்கையோடு திரும்பினர். நலம்.

இப்படி ஏழு பேர். கீழே, "தெரிவுக் குழு" என்று கையெழுத்து. இதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, ஆட்கள் கள்ளமாகப் படகேறி இந்தியாவுக்கு ஓடிக்கொண்டிருந்த காலத்தில், இறங்குதுறையில் போய் நிற்பதற்கு ஒரு சுக்கானியாரால்தான் முடியும். யார் இந்த ஏழு பேர் என்று கேட்டிருக்கிறார்கள். "எல்லாரும் எனக்கு நல்லாத் தெரிஞ்ச ஆக்கள்," என்று பெருமையோடு சொல்லியிருக்கிறார். கொண்டுபோய்விட்டார்கள்.

லோஞ்சில் போகவிருந்த ஒருவர் வந்து சொல்லி, பின்னேரம்தான் எங்களுக்குச் செய்தி தெரிந்தது. அந்த நேரம் போனால் முகாம் வாசலிலேயே திருப்பிவிடுவார்கள். அப்படிக் கொண்டுபோகப்பட்டவர்கள் எல்லாரும் திரும்பி வந்தார்கள் என்றில்லை. அது ஊரில் எல்லாருக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அடுத்த நாள் காலையில் அன்ரி கந்தோருக்குப் போகிற சேலை உடுத்து, குடையோடு வாசிகசாலைக்கு வந்தார். ஏழு புத்தகங்களையும் ஒரு சீனிப் பையில் போட்டார்.

"நீங்கள் வரத் தேவையில்லைத் தம்பி," என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் செயலாளர் என்று முத்திரை செய்து வைத்திருந்தேன். போனேன்.

அதிகாரிக்கு முப்பது வயதுதான் இருக்கும். மரியாதையாகக் கதிரை காட்டினார். மொழிபெயர்க்க ஒரு நடுவயது ஆள் பக்கத்தில் நின்றார். சுவரோரம் நீட்டு மர வாங்கில் சுக்கானியார் இருந்தார். செருப்பு இல்லை, ஒரு பக்கக் கன்னம் வீங்கியிருந்தது. எங்களைக் கண்டதும் எழும்பப் பார்த்தார், ஒருவன் தோளில் கை வைத்து இருத்தினான்.

"இந்த ஏழு பேரும் எங்க எண்டு சேர் கேக்கிறார்," என்றார் மொழிபெயர்ப்பாளர்.

"இஞ்ச," என்று அன்ரி சீனிப் பையை மேசையில் கவிழ்த்தார்.

கதைப் புத்தகங்கள், கதையில் வரும் ஆட்கள், வருடக் கடைசியில் நல்லதைத் தெரிவு செய்வோம் என்று விளக்கினார். அதிகாரி சிரித்தார் என்றே நினைக்கிறேன். பாதித் தூரம் தப்பிவிட்டோம் என்று எனக்கு மூச்சு வந்தது. அப்போது மொழிபெயர்ப்பாளர் ஒரு புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைத் திறந்து பட்டியலுக்குப் பக்கத்தில் வைத்தார். இரண்டிலும் 'ன' எழுத்து அரை வரி கீழே இறங்கி நின்றது. ஒரே ரைப்ரைட்டர். மற்ற ஆறையும் திறந்தார். ஏழிலும் ரைப் அடித்த தாள் ஒட்டியிருந்தது. சிரிப்பு நின்றுவிட்டது.

"இது ஆர் அடிச்சது?"

"நான்தான்."

"கீழ என்ன மறைச்சு வைச்சிருக்கு?"

அன்ரி சுக்கானியாரைப் பார்த்தார். "அண்ணையைக் கொஞ்சம் வெளியில இருத்துங்கோ. பிறகு சொல்லுறன்," என்றார். அதைக் கேட்டதும் அவர்களுக்குச் சந்தேகம் இரட்டிப்பானது. ஆளை இங்கேயே வைத்திருக்கச் சொல்லிவிட்டு அதிகாரி குசினிப் பக்கம் கையைக் காட்டினார். கொதிக்கும் கேத்தில் ஒன்று வந்தது.

தேத்தண்ணீர்க் கேத்திலின் ஆவியில் கோதுமை மாப் பசை இளகியது. முதலாவது புத்தகத்தின் தாள் உரிந்து வந்தது. மொழிபெயர்ப்பாளர் அடியில் இருந்த அச்சுப் பக்கத்தை முதலில் தமிழில் வாசித்தார், பிறகு சிங்களத்தில் சொன்னார். போஸ்ற் மாஸ்ரர் விறாந்தையில் செத்துக் கிடந்தார். "திருத்தாத பதிப்பு," என்று சுக்கானியார் வாங்கில் இருந்தே விளக்கம் கொடுத்தார். மொழிபெயர்ப்பாளர் அதை மொழிபெயர்க்கவில்லை.

இரண்டாவதை உரித்தார்கள். சைக்கிள் வாங்கிய அம்மா மாரடைப்பில் போயிருந்தார். மூன்றாவது ஆள் கிணற்றடியில் விழுந்திருந்தார். சுக்கானியார் ஒவ்வொரு பெயருக்கும் தலையை ஆட்டினார், சாவு வீட்டில் செய்தி கேட்கிறவர் ஆட்டுவது போல. கேத்தில் பிடித்த பெடியன் நாலாவது புத்தகத்தோடு கை தேர்ந்துவிட்டான், ஓர் எழுத்துக் கூடச் சிதையாமல் உரித்தான். ஐந்தாவதை வாசிக்க முதலே அதிகாரி ஏதோ கேட்டார். "ஓம் சேர், இவரும்தான்," என்றார் மொழிபெயர்ப்பாளர், தமிழில், தன்னை மறந்து.

ஏழும் முடிந்தது. ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டார்கள்.

"எனக்கு அறுபத்தாறு. அந்த மனிசனுக்கு எழுபத்திரண்டு," என்றார் அன்ரி. "நாங்கள் செத்தாத்தான் கதை முடியும் எண்டு எழுதுறவை நினைக்கினம். வெளியில பாருங்கோ. சாகிறதெல்லாம் பெடியள். உங்கட பெடியளும் எங்கட பெடியளும். நாங்கள் கிழடுகள்தான் மிஞ்சிக் கிடக்கிறம். அதைத்தான் அடிச்சனான். பொய் எண்டு நான் நினைக்கேல்லை."

மொழிபெயர்ப்பாளர் அவ்வளவையும் கேட்டுவிட்டு நாலு சொல்லில் முடித்தார். எதைச் சொன்னார், எதை விட்டார் என்று எனக்குத் தெரியாது. அதிகாரி ஈரப் புத்தகங்களைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ரைப்ரைட்டரைப் பின்னேரத்துக்குள் முகாமில் ஒப்படைக்க வேண்டும் என்றும், மூவரும் போகலாம் என்றும் சொன்னார்கள். அன்ரி கையெழுத்துப் போட்டார். விடுவிப்புத் தாளில் இருந்த திகதிப் பிழையைத் திருத்திவிட்டுத்தான் போட்டார்.

வெளியில் வந்து துறைமுக வீதியால் நடந்தோம். வெயில் ஏறியிருந்தது. சுக்கானியார் வெறுங்காலோடு நடுவில் வந்தார். நான் என் செருப்பைக் கழற்றிக் கொடுத்தேன், அளவு காணாது என்று வேண்டாம் என்றுவிட்டார். ஆளை மீட்டாயிற்று, ஆனால் நாளைக்கு அவர் எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பார் என்றுதான் என் மனம் அடித்துக்கொண்டிருந்தது. அன்ரிக்கும் அதுதான் என்று அவர் குடையைப் பிடித்திருந்த பிடியில் தெரிந்தது. அந்த மனுஷி மேல் எனக்கு அப்போது வந்த பாசத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, நான் அதுவரை அவரை ஒரு வேடிக்கையாகத்தான் பார்த்து வந்தேன்.

"ஏழு பேருமோ தங்கச்சி?" என்றார் சுக்கானியார்.

"ஓம் அண்ணை. ஏழு பேரும்."

"போஸ்ற் மாஸ்ரருக்குத் திருத்தின பதிப்பு எண்டு ஒண்டு?"

"இல்லை அண்ணை."

கொஞ்சத் தூரம் நடந்தார். பிறகு நின்றார்.

"அப்ப நேற்று என்னைப் பிடிச்சுக்கொண்டு போன உடனை எனக்கும் ஒரு முடிவு அடிச்சிருப்பீங்கள். சொல்லுங்கோ கேப்பம். என்னெண்டு முடிச்சனீங்கள்?"

அன்ரியும் நின்றார். "மெஷினுக்கு முன்னால இருந்தனான் அண்ணை," என்றார். "கன நேரம் இருந்தனான். ஒரு எழுத்தும் வரேல்லை. அதுதான் வெளிக்கிட்டு வந்தனான்."

சுக்கானியார் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

"பசிக்குது," என்றார் சுக்கானியார்.

"வீட்டில சோறு இருக்கு. வாங்கோ. மீன்தான் இல்லை."

"மீன் இல்லாமல் என்ன சோறு?" என்று நடுத்தெருவில் வைத்து அவரை ஏசிவிட்டு, மீன் சந்தைப் பக்கம் திரும்பி எங்களுக்கு முன்னால் நடக்கத் தொடங்கினார்.